வடத்தின் மேல் இருந்த கை

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் வாசலில் செருப்பை விடும்போதே என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம்தான். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கையிலிருந்த ஃபைலை என் பக்கம் நீட்டினார், வாங்கிக்கொள் என்பதுபோல. நான் வாங்காமல் மேஜையைக் காட்டினேன். இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு அதுவும் ஒரு கேள்விதான் என்பது புரிந்தது.

எனக்கு மூட்டுவாதம். விரல்கள் முழுதாக மடங்காது. காலையில் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். தட்டச்சு செய்யும் வேலை இனி முடியாது என்று ராயப்பேட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. அலுவலகம் சில மாதம் பொறுத்தது, பிறகு சம்பளம் நின்றது. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கட்டும். ஆயுள் காப்பீட்டுக்கு நான் செத்திருக்க வேண்டும். உயிரோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் அறுபது வயதுவரை மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு தரும் பாலிசி.

அலுவலகத்தில் எல்லோரையும் அதில் சேர்த்தபோது நான் ஒருவன்தான் சந்தேகப்பட்டேன். கை கால் நன்றாக இருக்கிறவனிடம் பிடுங்கத் திட்டம் என்று கேன்டீனில் பேசினேன். பத்திரத்தைப் புரூஃப் பார்ப்பதுபோல வரிவரியாகப் படித்து, இரண்டு அச்சுப்பிழை கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி ஆண்டுதோறும் விசாரிக்கலாம், ஐயம் இருந்தால் நிறுத்தலாம் என்ற வரியில் பிழை எதுவும் இல்லை. அதனால் அது மனதில் தங்கவில்லை.

இன்று வாடகையும், மகளின் கல்லூரியும், எனக்கு மாதம் இரண்டு முறை போடும் ஊசியும் அந்தப் பணத்தில்தான். அது நின்றால் முதலில் ஊசி நிற்கும்.

வந்தவர் ஃபைலிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். நான் வேலை பார்த்த அதே பத்திரிகை. பங்குனித் தேர், தெற்கு மாட வீதி முனை. முன்வரிசையில், வடத்தின் மேல் கை வைத்தபடி நான். கீழே படவரி: ‘மயிலாப்பூர் தேரோட்டத்தில் வடம் பிடித்துத் தேரை இழுத்த பக்தர்கள்.’

“சார், இது நீங்கதானே?”

“நான்தான்.”

“கை மடங்காதுன்னு டாக்டர் எழுதிக்கீறாரு. நீங்க தேர் இழுத்தீங்கன்னு பேப்பர்ல போட்டுக்கீது. நான் எத்த நம்பறது, சொல்லுங்க.”

படத்தில் முப்பது முகங்கள் இருந்தன, ஒரு பெயர்கூட இல்லை. இவருக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்? வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போடும் கீழ் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். ‘இன்னும் வேலைக்குப் போகலையா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் மருந்துக் கடைக்காரரும் நினைவில் வந்தார். காபியோடு வந்த மனைவி துண்டைப் பார்த்ததும் டம்ளரை வைக்க மறந்து நின்றாள்.

“நான்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சேன். இத்தனை வருஷம் பேப்பர்ல இருந்தேள், ஒரு நாள்கூட உங்க மூஞ்சி வந்ததில்லையே.”

“இவர் எப்படிப் பார்த்தார்?”

“இன்சூரன்ஸ்லேர்ந்து ஃபோன் வந்தா எடுக்கணுமேன்னு அவர் நம்பரை சேவ் பண்ணி வெச்சிருந்தேன். ஸ்டேட்டஸ் அவருக்கும் போயிருக்கு.”

வந்தவர் காபியைத் தானே வாங்கிக்கொண்டார். “அம்மா மேல கோச்சுக்காதீங்க சார். என் வேலையே அதான்.”

வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுவோம், இழுப்பவர்கள் வேறு ஆட்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்தார்.

“எனக்கே சொல்றீங்களா? நான் சிந்தாதிரிப்பேட்டை சார். நானும் தொட்டுட்டு நைசா ஓரமா போறவன்தான். மேல கையெழுத்துப் போடறவன் மும்பைல குந்திக்கினு கீறான். பேப்பர்ல இன்னா போட்டுக்கீதோ, அதான் அவனுக்கு.”

படத்தை வாங்காமல், மேஜையில் வைத்தே பார்த்தேன். வடம் முழங்கால் உயரத்துக்குத் தொய்ந்திருந்தது. தேர் திரும்புவதற்காக நின்றிருந்த நேரம். எல்லா முகமும் கேமராவைப் பார்த்தன, உண்மையில் இழுக்கும்போது தலைகள் குனிந்திருக்கும். என் உள்ளங்கை வடத்தின் மேல் தட்டையாகக் கிடந்தது. ஒரு விரல்கூட மடங்கவில்லை.

“படம் சரி. வரிதான் பொய்” என்றேன்.

“யார் எழுதினது?”

“நான்.”

டம்ளர் பாதியில் நின்றது. “அப்போ இன்னும் ஆபீஸ் வேலை பாத்துக்கினுதான் கீறீங்களா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் திருவிழா ஃபோல்டரில் அந்த வரியை நான் தட்டி வைத்திருந்தேன். ஷிப்டில் இருப்பவர் ஊர் பெயரையும் தேரின் பெயரையும் மாற்றினால் போதும். யாராவது இழுத்தார்களா என்று எந்தப் புகைப்படக்காரரையும் நான் கேட்டதில்லை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

இப்போது அலுவலகத்தில் என் இடத்தில் இருக்கும் பெண்ணை மனைவியின் ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“அந்தத் தேர் கேப்ஷனா சார்? உங்க ஃபோல்டர்லேருந்து எடுத்துப் போட்டேன். எப்பவும் அதானே போடுவோம்! தப்பா ஏதாவது?”

வந்தவர் நடுவில் புகுந்தார். “மேடம், சார் இப்போ உங்களுக்கு ஏதாவது எழுதித் தராரா?”

“அவர் எழுதித் தந்தா நாங்க ஏன் சார் பழசையே போடறோம்?”

பத்திரிகையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார் அவர். படவரிக்குத் திருத்தம் கேட்டு வருபவர்களை நானே எத்தனையோ முறை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். எனக்குக் கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. படவரி வழக்கமான வாசகம், படத்தில் உள்ள யாரும் தேரை இழுத்ததற்குச் சான்று அல்ல என்று இருந்தது. கூடவே, வெட்டப்படாத முழுப் படம்.

அதை வாங்க மறுபடி வந்தவர், என்னையும் நாலு வரி எழுதச் சொன்னார். தட்டச்சு வேண்டாம், கைப்பட. கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பேனாவைச் செருகி, கோணல் கோணலாக எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. போதும் என்று அவர் சொல்லவில்லை. முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஃபைலின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் குறித்திருப்பார்.

பணம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விசாரிப்பார்கள் என்று கடிதம் வந்தது.

இந்தப் பங்குனியில் தேர் வந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடைபாதையிலேயே நின்றேன். மனைவி கூட்டத்துக்குள் போய் வடத்தைத் தொட்டு வந்து, அந்தக் கையால் என் கண்களை ஒற்றினாள். கண்ணைத் திறந்தபோது நாலைந்து ஃபோன்கள் எங்கள் பக்கம் உயர்ந்திருந்தன. சாமி எங்களுக்குப் பின்னால் இருந்தார். எடுத்தது சாமியையா எங்களையா, தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் அதே வரி வந்திருந்தது. படத்தில் நான் இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.