உப்புத்தாள் பட்ட வாள்

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்தியபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். ஏலக் கடையில் பழைய வாள், குறுவாள் எது வந்தாலும் அதன் வயதையும் விலையையும் சொல்வது அவள் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். வெங்காயம் நறுக்கச் சொன்னால் முதலில் கத்தியை ஒரு விரல்மேல் நிறுத்தி எடை பார்ப்பாள். "அது போன மாசம் வாங்கினதுடி, நறுக்கு" என்பாள் அம்மா.

அன்று தம்பி ஒரு வாளோடு கடைக்கு வந்தான். இடிக்கப்போன ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களோடு மொத்தமாக வாங்கியது. அதை விற்றுச் சொந்தமாகச் சரக்கு வண்டி வாங்க வேண்டும். அடுத்தவன் வண்டியை ஓட்டித் திட்டு வாங்கியே அவனுக்கு முடி கொட்டிவிட்டது. வாளின் படத்தைப் பார்த்துவிட்டு, "நிஜமாவே பழசா இருந்தா உன் காட்டுல மழைதான்" என்று அவளே சொல்லியிருந்தாள். அதிலிருந்து இருவருக்கும் தூக்கமில்லை.

துணியைப் பிரித்தாள். கைப்பிடி புதிதாக இருந்தது. கழற்றினாள். பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு வால் வெள்ளிக் கரண்டிபோல மின்னியது.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்க்கா. துருதான் முதல் எதிரின்னு நீதானே ஓயாம சொல்வே?"

"அது வெளியில தெரியற அலகுக்குடா! உள்ள இருக்கற துருதான் இதுக்கு பர்த் சர்ட்டிபிகேட்டு. பழைய துரு கறுத்து இறுகிப்போய் இருக்கும். அதை வச்சுத்தான் வயசு சொல்வேன். நேத்து அடிச்ச வாள்னு எவனாவது சொன்னா நான் என்ன பதில் சொல்ல?"

அவன் முகம் சுண்டிப்போனது. "நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதாதா?"

அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். போட்டால் போதும்தான். அவள் சொல்லுக்கு முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். அதனாலேயே போட முடியவில்லை. சட்டென்று நின்றாள்.

"பழைய பிடி எங்க?"

"ஒரே விரிசல்க்கா. காலையில குப்பையில போட்டேன்."

"குப்பை வண்டி வந்துருச்சா?"

"இப்ப வர்ற நேரம்தான்."

வாளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் வீட்டுப் பின்சந்தில் இருந்த தொட்டிக்குள் அவள் தலைகுப்புறக் கவிழ்ந்தாள். அவன் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

"விழுந்துராதே. உனக்கு விலை சொல்ல இங்க ஆள் இல்ல."

"வாயை மூடு" என்று தொட்டி எதிரொலித்தது.

ஓர் அட்டைப்பெட்டிக்கு அடியில் பிடி கிடைத்தது. விரிசலை மெல்ல விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மரத்தின் உட்குழியில் கறுத்த துரு வாலின் வடிவத்திலேயே படிந்திருந்தது. வாளைச் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது, பிடியிலும் வாலிலும் இருந்த ஆணித் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக நின்றன.

"தப்பிச்சோமா?"

"பாதி. இந்தப் பிடிக்குள்ள ரொம்ப காலம் இருந்த வாள்னு எழுதுவேன். தேய்ச்சிருக்குன்னும் எழுதுவேன். விலை இறங்கும்."

"அப்போ என் வண்டி?"

"பழைய வண்டியா பாரு." அவள் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தாள். "வாங்கினதும் தேய்ச்சுத் தொலைக்காதே!"