எஸ்டிக்கு ஆயில் கேட்காத நாள்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கும் பவர் ஸ்பிரேயர். அதற்கும் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். மருந்து வாடைக்கு நடுவே அந்தப் புகை ஒரு கீற்றாக ஜன்னல் வழியே வந்தது. தட்டில் இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். மற்றவர்களுக்கு அது தலைவலி கொடுக்கும் வாடை. எனக்கு அது ஒரு மெரூன் நிறப் பெட்ரோல் டேங்க்கைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்.

என்னிடம் ஒரு எஸ்டி பைக் இருந்தது. உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தபோது, தொண்ணூற்றேழில் வாங்கினேன். அப்போதே அது பழைய வண்டிதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்ஸர். சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, ஒரு தகர டப்பாவுக்குள் யாரோ வேகவேகமாக வெற்றிலை இடிப்பது மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் பேசாத ஆள். கடைக்கு வருகிறவர்களிடம்கூட யூரியாவா, பொட்டாஷா என்பதற்கு மேல் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து அந்த வண்டி பேசியது என்று சொல்லலாம். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் சோற்றை எடுத்து வைத்துவிடுவார்கள்.

அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். இடது பக்கம் இருக்கும். அதை உள்ளே அழுத்திப் பின்னால் தூக்கினால் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு முன்னால் மடக்கினால் கியர். தெரியாதவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கிக்கரைத் தேடுவார்கள். என் மைத்துனன் ஒருநாள் அவசரத்துக்கு எடுக்கப் போய், கால்மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து, "கிக்கரக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டுச் சாவிய மட்டும் குடுக்குறீகளே, இதெல்லாம் நல்லா இல்ல மாமா" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அந்த வண்டியில் எனக்குப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பெட்ரோல் போடும்போது ஆயிலும் சேர்த்துக் கேட்க வேண்டும். லிட்டருக்கு இத்தனை மில்லி என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. ஆயில் அடியில் தங்கிவிடாமல் கலப்பதற்காக, மூடியைப் போட்டுவிட்டு வண்டியை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பத்துத் தடவையாவது ஆட்ட வேண்டும். பங்க்கில் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். ஒருமுறை ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. அதிலிருந்து ஓர் அம்மாள், "ஏலே, பிள்ளைய நல்லாத் தூங்க வையி, அழுகுது பாரு" என்றாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம், என்னைத் தெரிந்த ஒரே பங்க்கில், கூட்டமில்லாத மதிய நேரமாகப் பார்த்துத்தான் பெட்ரோல் போடுவேன். அங்கிருந்தவர் நான் கேட்காமலே ஆயிலை ஊற்றிவிடுவார்.

இனி ஈஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்வரி என் மனைவி, ஜெயமங்கலத்து அத்தை மகள். பிளஸ் டூ படித்தவள், நான் பத்தாவது. கல்யாணமான அடுத்த வருஷம் அவளுக்கு அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. பெரியகுளத்தில், காலை ஒன்பதரைக்கு. பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று விசாரித்து வைத்திருந்தாள். முந்தின வருஷம் இதே மாதிரி வந்த ஒரு கடிதம் தபாலில் தாமதமாகி வீணாகிப் போயிருந்தது. "பஸ்ஸுலயே போயிருவோம் மாமா" என்றாள். "வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு?" என்றேன். நான் பிடிவாதமாகச் சொன்ன சில வாக்கியங்களில் அது ஒன்று.

ஏழரைக்குக் கிளம்பினோம். என் பங்க்கில் பெட்ரோல் இல்லை என்று கயிறு கட்டியிருந்தார்கள். ரிசர்வில் சின்னமனூர் வரை போய், அங்கே ஒரு பங்க்கில் நிறுத்தினேன். நல்ல கூட்டம். பக்கத்தில் ஒரு ஜீப், உள்ளே தலையில் துண்டு கட்டிய பத்துப் பெண்கள். ஈஸ்வரி இறங்கி, பச்சைச் சேலையில் சர்டிபிகேட் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். புது மனைவி பார்க்க, அந்தப் பெண்களும் பார்க்க வண்டியைத் தொட்டில் ஆட்ட வேண்டுமா? டேங்க்கின் அடியில் பழைய ஆயில் கொஞ்சம் இருக்கும், பெரியகுளம் வரை தாங்கும், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வண்டி அன்றைக்கு ஓடியது போல் என்றைக்கும் ஓடியதில்லை. தேனி தாண்டும்போது ஈஸ்வரி பின்னாலிருந்து, "இன்னைக்கு என்ன மாமா, புகையே வரல? சேலையிலயும் ஆயில் தெறிக்கல" என்றாள். வழக்கமாகச் சேலைக் கரையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆயில் இல்லாவிட்டால் புகை எங்கிருந்து வரும் என்று அவளிடம் சொல்லாமல் ஓட்டினேன்.

லட்சுமிபுரத்தை நெருங்கும்போது சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு இழுப்பு, பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. கிளட்சைப் பிடித்து எப்படியோ புளியமரத்தோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. உள்ளே பிஸ்டன் சூட்டில் இறுகிவிட்டது.

அப்போதாவது பஸ்ஸை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு பஸ் வந்தது, ஈஸ்வரி கையை நீட்டப் போனாள். "இரு, ஆறுனா விட்டுரும். இருபது நிமிஷம்" என்றேன். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு மூட நம்பிக்கை உண்டு. வண்டியை நடுரோட்டில் விட்டுப் போவது, ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுப் போவது மாதிரி. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரவில்லை. ஈஸ்வரி கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணி ஒன்பதாகிவிட்டது.

அப்போது தேனிப் பக்கமிருந்து ஒரு புல்லட் வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. அந்த நாளில் இது சாதாரணம். பழைய வண்டிக்காரன் இன்னொரு பழைய வண்டி ரோட்டோரம் நின்றால் தாண்டிப் போக மாட்டான். ஐம்பது வயதிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முன்பின் தெரியாதவர்.

"சீஸாயிருச்சா? ஆயில் ஊத்துனீகளா தம்பி?"

"ஊத்துனேனே" என்றேன். பொய் அவ்வளவு வேகமாக வந்தது.

அவர் டேங்க் மூடியைத் திறந்து, விரலை நனைத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். வழுவழுப்பு இல்லை. என்னை ஒரு நொடி பார்த்தார். "பங்க்குல ஏமாத்திருப்பாங்க" என்றார். நான் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து விட்டார் என்று புரிந்தது. பிறகு சாவியை நீட்டினார். "தங்கச்சி கையில கவர் இருக்கு, ஏதோ அவசரம் போல. என் வண்டிய எடுத்துட்டுப் போங்க. நான் இங்கன உங்க வண்டியோட இருக்கேன். ஆனா இதுல கியரு வலது பக்கம், பிரேக்கு இடது பக்கம். ஓட்டிருக்கீகள்ல?"

நான் புல்லட் ஓட்டியதே இல்லை. பிரேக் என்று மிதித்தால் கியர் மாறும் வண்டி அது. இன்னொரு 'ஓட்டிருக்கேன்' நாக்கு நுனியில் வந்து நின்றது. ஈஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுனதில்லைங்க" என்றேன். சொல்லத் தொடங்கியதும் மற்றதும் சேர்ந்து வந்துவிட்டது. "பங்க்குக்காரன் ஏமாத்தலைங்க. நான்தான் ஆயில் கேக்கல. கூட்டமா இருந்துச்சு, கூச்சமா இருந்துச்சு. இவளுக்கு ஒன்பதரைக்கு பெரியகுளத்துல இன்டர்வியூ. நீங்களே கொண்டுபோயி விட்டுருவீகளா?"

அவ்வளவு நீளமாக நான் ஒரு புது ஆளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. "ஏறும்மா" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு புதுப்பெண் தெரியாத ஆள் வண்டியில் ஏறுவது சின்ன விஷயமில்லை. ஈஸ்வரி யோசிக்காமல் ஏறினாள். ஏறிய பிறகு என்னைப் பார்த்து, "வண்டிய இழுத்து நெழல்ல போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் புளியமர நிழலில் வண்டியோடு நின்றேன். அவர் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு ஆயில் பாட்டில். "மணி ஒன்பதரை அடிக்க ரெண்டு நிமிஷம் முன்னால எறக்கி விட்டேன்" என்றார். ஊற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வண்டியை ஆட்டினோம். தேனி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, ஜன்னல் முழுக்கத் தலைகள். அன்றைக்கு எனக்குக் கூச்சம் வரவில்லை. இஞ்சின் அதற்குள் ஆறியிருந்தது, மூன்றாவது உதையில் வண்டி புகையோடு உயிர் பிடித்தது. அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

பெரியகுளம் போய்க் காத்திருந்தேன். மத்தியானம் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்த ஈஸ்வரி, "ரோட்டுல போற ஆளுகிட்ட அம்புட்டும் சொன்னீக. அந்தப் பங்க்குல ஒரே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கும் காலையில் கீரையும் முட்டையும் கணக்குப் பார்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் அங்கன்வாடிக்குப் போகிறாள். எஸ்டியை இரண்டாயிரத்து ஒன்பதில் கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு சேட்டன் வாங்கிப்போனார். பழைய வண்டிக்காரர்களின் கிளப் ஒன்றில் சேர்த்து ஓட்டுவாராம். அவர் கேட்காமலே ஆயில் அளவை மூன்று தடவை சொன்னேன்.

இப்போது வைத்திருக்கும் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விரலைக் காட்டினால் போடுகிறார்கள், போனைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. உத்தமபாளையத்திலிருந்து பெரியகுளம் வரை போய்த் திரும்பும்வரை வாயைத் திறக்காமலே இருக்கலாம். என்னை மாதிரி ஆளுக்கு இது சௌகரியம் என்றுதான் சொல்ல வேண்டும். போன மாதம் அப்படித்தான் போய் வந்தேன். லட்சுமிபுரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். முன்பெல்லாம் நிற்கிற வண்டி என்றால் பழுது. இப்போது போன் பேசவும் நிற்கிறார்கள், படம் எடுக்கவும் நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறார் என்று தெரியாமல், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு தாண்டிப் போய்விட்டேன்.