ஓட்டுநர் இருக்கையில் சம்பந்தி

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகக் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். சோதித்துப் பார்க்காமல் எந்தச் சாமானையும் போய்விட்டது என்று சொல்ல மாட்டார். அப்படிச் சொல்லும் மெக்கானிக்குகளைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார். அதனால் தொழிலில் அவருக்கு நண்பர்கள் குறைவு, வண்டிகள் அதிகம்.

கண்ணாடி ஏறாத கார் வந்தால் முதல் வேலையாக ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். அந்தக் கதவில் இருக்கும் பொத்தான்களை ஒன்று விடாமல் அழுத்திப் பார்ப்பார். பாதி வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைச் செய்யவில்லை. வந்தது சம்பந்தியின் கார்.

மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது. சம்பந்தி பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சம்பந்தியம்மாவும் மருமகளைக் கூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். பாதி வழியில், இறக்கிய பின்பக்கக் கண்ணாடி ஏற மறுத்துவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. சம்பந்தியே இந்த வேலை பார்க்கும்போது நமக்கென்ன கவலை என்று நேராக டெஸ்டரின் கடைக்கே வந்துவிட்டார்கள்.

பெண்கள் இருவரும் கடை வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி இறங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே, கதவின் கைப்பிடிமேல் முழங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். வேறு யாராவதாக இருந்தால் டெஸ்டர் ஒரே அதட்டில் இறக்கியிருப்பார். பெண்ணைக் கொடுத்த இடத்தில், கொஞ்சம் எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பின்பக்கம் ஏறி உட்கார்ந்து அங்கிருந்த சுவிட்சை அழுத்தினார். மோட்டார் முனகக்கூட இல்லை.

என்ன கோளாறு என்று சம்பந்தியம்மா கேட்டாள். பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மனுஷருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசை வந்துவிட்டது.

"கண்ணாடி முழுசா இறங்கின பிறகும் யாரோ சுவிட்சை விடாம அமுக்கியிருக்காங்க. உள்ள கருகிப் போயிருக்கும்."

சம்பந்தியம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பக்கம் நீதானேம்மா உட்கார்ந்திருந்தே?"

அப்பா ஒன்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே வளர்ந்தவள் அவள். தெரியாமல் அமுக்கியிருப்பேன் அத்தை, மன்னித்துவிடுங்கள் என்றாள். டெஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப அள்ள முடியுமா? சுவிட்சை நெம்பி எடுத்துப் பிரித்தார். உள்ளே கருகலும் இல்லை, ஒன்றும் இல்லை. செம்பு புதுசு மாதிரி பளபளத்தது.

சம்பந்தி கை கழுவ இறங்கிப் போன நேரம் பார்த்து முன்னால் போய் உட்கார்ந்தார். அங்கே பூட்டுப் பொத்தான் அமுங்கிக் கிடந்தது. குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்த பொத்தான் அது. அதை அமுக்கிவிட்டால் இந்த வகைக் காரில் ஓட்டுநர் கண்ணாடி தவிர வேறெதுவும் அசையாது. சம்பந்தியின் முழங்கை செய்த வேலை. சுவிட்சை மாட்டி, பூட்டை எடுத்துவிட்டு, ஏற்றி இறக்கிப் பார்த்தார். கண்ணாடி சொன்னபடி கேட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் சம்பந்தியம்மா மருமகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒரு கடுமையான வார்த்தை இல்லை. வண்டியில் எதைத் தொடுவதானாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவளும் சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டினாள். டெஸ்டர் வேலை முடிந்த சுவிட்சையே துடைத்துத் துடைத்துப் பத்து நிமிடம் கடத்தினார். முப்பது வருடப் பேர் ஒரு பொத்தானால் போகவேண்டுமா என்று யோசித்தார். சம்பந்தி வந்து முடிந்ததா என்று கேட்டபோது, சரி பண்ணிவிட்டேன் என்றார்.

மூவரும் ஏறினார்கள். மகள் கதவை விட்டுத் தள்ளி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடிப்போய் முன் கதவருகே குனிந்தார்.

"சம்பந்தி, சுவிட்ச் கருகவே இல்ல. பூட்டுப் பொத்தான் அமுங்கியிருந்துச்சு. நான்தான் பார்க்காம உளறிட்டேன். எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

சம்பந்தி சிரித்தார். வெளியே கை நீட்டி அவர் தோளைத் தட்டினார்.

"பெத்த மனசு விட்டுக்கொடுக்குமா? நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை, விடுங்க."

டெஸ்டர் சத்தியம் செய்தார். பொத்தானைத் தொட்டுக் காட்டினார். காட்டக் காட்ட அவர்கள் முகத்தில் மரியாதைதான் கூடியது. எப்பேர்ப்பட்ட தகப்பன் என்று சம்பந்தியம்மா உருகிப்போனாள். மகள் மட்டும் அந்தப் பொத்தானைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரால் அந்தப் பார்வைக்கு நிமிர முடியவில்லை.

முதல் தூறல் விழுந்தது. திறந்திருந்த கண்ணாடி வழியாக அவள் புடவையில் நாலைந்து சொட்டுகள் தெறித்தன. சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அத்தை, கண்ணாடியை ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டாள்.