பதினோரு பேருக்கு ஒரே பிறந்தநாள்

அக்டோபர் இரண்டாம் தேதி காலையில் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் பதினோரு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார் தலைமையாசிரியர். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இரண்டு தேசத் தலைவர்களின் படங்கள். இருவரும் அதே தேதியில் பிறந்தவர்கள். “இந்தப் பெரியவுக பொறந்த அன்னைக்குத்தான் நீங்களும் பொறந்திருக்கீக. எம்புட்டுப் பாக்கியம்!” என்பார். அக்காவும் நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறோம். இப்போது நினைத்தால், வாயிலிருந்த மிட்டாயை அவர் மேசைமேலேயே துப்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் எங்களில் ஒருவர்கூட அன்றைக்குப் பிறக்கவில்லை. காரைக்குடிக்கும் திருக்கோஷ்டியூருக்கும் நடுவே விவசாயிகள் நிறைந்த ஊர் எங்களுடையது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய் தகப்பன் பிள்ளையைச் சேர்க்க வந்தால், அவர் விசாரிக்கவே மாட்டார்; அந்தத் தேதியை எழுதிவிடுவார். எங்கள் ஆத்தா விடவில்லையாம். “திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்தன்னைக்குப் பொறந்தவய்யா இவ” என்றிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். “தெப்பத்தையெல்லாம் ரிஜிஸ்தர்ல எழுத முடியாதும்மா. நல்ல தேதியாப் போட்டு வைக்கிறேன்.” அக்காவின் வயதில் ஏழு மாதம் அங்கேயே போய்விட்டது.

அக்காவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அப்பா காலில் மண்வெட்டி பட்டுப் பிளந்தபோது, ஆளாளுக்கு அடுப்புக்கரியை அப்பச் சொன்னார்கள். அக்கா எல்லோரையும் விலக்கிவிட்டு, வெந்நீரில் கழுவி, வேட்டித் துணியைக் கொதிக்கவைத்துக் காயவைத்துக் கட்டினாள். அன்றிலிருந்து அப்பாவுக்கே அவள்மேல் ஒரு மரியாதை. தேவகோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் நெருக்கிக்கொண்டிருந்தும், “மதுரையில இடம் கெடைச்சா மூணு வருசம் படிக்கட்டும், இல்லாட்டித் தையில கல்யாணம்” என்று சொல்லிவிட்டார்.

எழுபத்திரண்டில் பள்ளியிறுதி முடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு மதுரை நர்சிங் பள்ளிக்குப் போனாள். அங்கே சான்றிதழைப் பார்த்த ஆபீஸ் அம்மா, “உனக்குப் பதினேழு முடியலையே, அடுத்த வருஷம் வா” என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். உண்மையில் அவளுக்குப் பதினேழு முடிந்து நாலு மாதமாகியிருந்தது.

மறுநாளே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனோம். “தேதி தப்புன்னு ஒரு கடுதாசி குடுங்கய்யா” என்று கேட்டாள்.

“நான் செஞ்சது தப்புன்னு நானே எழுதித் தரவா? அடுத்த வருசம் ரிட்டையர் ஆகப்போறேன்” என்றார். பிறகு மிக நிதானமாக, “பொம்பளப் புள்ளைக்கு ஏழு மாசம் கூடுனா என்ன, கொறைஞ்சா என்ன?” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். பிரம்பைத் தொடமாட்டார், ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கித் தருவார். இருக்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

அக்கா திருப்பத்தூர் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை அலைந்து பிறப்புப் பதிவின் நகலை வாங்கினாள். அது கிடைக்கும்போதே செப்டம்பர் முடியப்போயிற்று; பள்ளிச் சான்றிதழில் தேதி மாறாமல் அது மட்டும் செல்லாது என்பதால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்டோபர் இரண்டுவரை காத்திருந்தாள். அன்று பள்ளி விழாவுக்குக் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பதினோரு சின்னப் பிள்ளைகள் வழக்கம்போல மேடையில் நின்றன. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவும் ஏறி அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

“ஐயா, நானும் இன்னைக்குப் பொறந்தவதான். என் தங்கச்சியும் இன்னைக்குத்தான். ஒரே பள்ளிக்கூடத்துல வருசா வருசம் இத்தனை பேரு எப்படிய்யா இன்னைக்கே பொறக்குறோம்? நீங்களாவது கேட்டீகளா?” நகலை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மற்ற யார்மேலும் இருப்பதைவிட, அப்படிக் குனிந்த என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

தலைமையாசிரியர் தர மறுத்த கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது. இரண்டே நாள் வேலை அது! மதுரைக்கு ஓடினோம். வகுப்பு தொடங்கி இரண்டு மாதமாகியிருந்தது, இடமெல்லாம் நிரம்பியிருந்தது. “அடுத்த வருசம் போறேம்ப்பா” என்று அக்கா கெஞ்சினாள். “வாக்குக் குடுத்தாச்சுத்தா” என்றார், அவள் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா. தையில் கல்யாணம் நடந்தது. தலைமையாசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எழுபத்து நாலில் காரைக்குடி ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. மறுநாள் காலையில் வார்டு நர்ஸ் பதிவேட்டை எடுத்து எழுதினாள். அவளுக்கு அக்கா வயதுதான் இருக்கும், வெள்ளை உடுப்பு. அக்கா அந்த உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தையல் போட்ட உடம்போடு சுவரைப் பிடித்துப் பிடித்து மேசைவரை நடந்தாள். நான் தாங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். எழுதிய வரியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

“இன்னைக்குத் தேதியப் போட்டிருக்கீக.”

“ஒரு நாள்தானேம்மா” என்று சிரித்தாள் நர்ஸ்.

அக்கா விரலை எடுக்கவில்லை.

“அடிச்சுட்டு எழுதுங்க. அவ நேத்துப் பொறந்தவ.”