மதினி கை பட்டால்தான்

"...அதான் சொல்லுதேன் அண்ணாச்சி, நீங்க வயர மாத்துங்க, பேட்டரிய மாத்துங்க, எத மாத்தினாலும் சரி, எங்க மதினி கை பட்டாத்தான் இந்த வண்டி இருமவே செய்யும்" என்று சொல்லிக்கொண்டே சங்கரபாண்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேய், ஆவி எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். சேரன்மகாதேவியில் டிராக்டருக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்தே தலை நரைத்தவன், யாரும் சொல்லித்தரவில்லை, வயரைக் கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்ட தொழில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லித் திரிந்தவன். இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று நானும் தப்பித்திருப்பேன். நடந்தது நல்ல காலை வெயிலில், நம்பினால் நம்புங்கள்.

வண்டி பழைய வண்டி. சங்கரபாண்டியின் அண்ணன் ஓட்டியது. போன நடவுக்கு வயலில் சேற்றைக் கலக்கித் தொழி அடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து ஸ்டீயரிங் மேலே சாய்ந்துவிட்டார். சோறு கொண்டுபோன பெண்டாட்டி பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தது. ஆள் போய்விட்டார், இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சேற்றில் ஏறி அதை அணைத்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு யார் சாவியைத் திருகினாலும் வண்டி அசையவில்லை. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவள் சாவியைப் போட்டுத் திருகினாள், ஒரே திருகில் ஓடியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு வந்து சீட்டில் ஏற்றுவார்களாம். புருஷன் உயிர் போன அதே சீட்டில். காய்ச்சலில் படுத்துக் கிடந்தவளை நார்க்கட்டிலோடு தூக்கிவந்து கையை மட்டும் பிடித்துச் சாவியில் வைத்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் பிறகு சொன்னார்.

நான் போன அன்று அவளுடைய அப்பா ராதாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மகளைக் கூட்டிப்போக வந்த மனிதர். சங்கரபாண்டி வாய் நிறையச் சிரித்து, "நாங்க என்ன மதினியக் கட்டியா போட்டிருக்கோம் மாமா? வண்டி சரியாயிட்டுன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றிருந்தார்.

பேச்சியம்மாள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் செம்பை நீட்டிக்கொண்டே, "எப்படியாச்சும் ஓட வச்சிருங்க அண்ணாச்சி. இந்தச் சீட்டுல ஏறும்போதெல்லாம் அவுக மடியில உக்காருத மாதிரி இருக்கு" என்று பைய சொன்னாள்.

சரி, நம்மால் ஒரு பெண் பிழைக்கட்டும் என்று இறங்கினேன். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் தெருவைக் கூட்டியது, அப்படியென்றால் பேட்டரியில் குறை இல்லை. சாவியைத் திருகினால் இன்ஜினைக் கிளப்பிவிடுகிற செல்ப் மோட்டார் சுற்ற வேண்டும், டக்கென்ற சத்தம்கூட இல்லை. டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தால் மோட்டார் வரைக்கும் கரண்ட் வருகிறது. மோட்டாரைக் கழற்றித் தரையில் போட்டு நேராகக் கரண்ட் கொடுத்தேன், துள்ளிக்கொண்டு சுற்றியது. திரும்ப மாட்டினால் பிணம் மாதிரிக் கிடக்கிறது. துருவைச் சுரண்டிவிட்டுப் புது எர்த் வயர் போட்டேன். ஊஹூம்.

"என்ன அண்ணாச்சி, ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம், அந்தக் கதையால்லா இருக்கு" என்றார் சங்கரபாண்டி.

"பொறும்வே. வண்டி என்ன உமக்குச் சம்பந்தக்காரனா, கூப்பிட்டதும் வாரதுக்கு?" என்றேன்.

அவர் பேச்சியம்மாளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் தொட்டாள். வண்டி படபடவென்று ஓடியது.

அப்போதும் நான் நம்பவில்லை, எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன், அவள் ஏறுகிற அசைவில் சேருகிறது என்றுதான் நினைத்தேன். வண்டியை அணைத்தேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள், அதைச் செய்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. எல்லாரும் பார்க்க பேட்டரி வயர் இரண்டையும் கழற்றினேன், பேட்டரியைத் தூக்கிவந்து அவள் அப்பாவின் காலடியில் வைத்தேன்.

"பாத்துக்கிடுங்க வே. பேட்டரி இங்கன கிடக்கு. இப்ப இந்தம்மா திருகினாலும் ஓடாது. கை ராசியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல, வயர்ல கோளாறு, நான் கடைக்கு இழுத்துட்டுப் போயி சரி பண்ணித் தாரேன், நீங்க மகளக் கூட்டிட்டுக் கிளம்புங்க பெரியவரே" என்றேன். பெரியவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். பேச்சியம்மாள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"தைரியமாத் திருகும்மா" என்று சொன்னவன் நான்தான்.

திருகினாள்.

செல்ப் மோட்டார் உறுமியது, புகைக்குழாய் கறுப்பாகக் கக்கியது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. வேப்பமரத்துக் காக்கை எல்லாம் கலைந்து பறந்தது. நான் ஓடிப்போய் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்த வயரின் முனையைக் கையில் பிடித்தேன். கரண்ட் பாய்ந்து சுட்டிருந்தால் எனக்கு விளங்கும், அது வேறு சூடு. இதமாக, காய்ச்சல்காரன் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. பிடித்திருக்கும்போதே மெல்ல ஆறிப்போனது. இப்போதும் எந்த வண்டியில் கை வைத்தாலும் வயரை முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறேன், எதற்கென்று கேட்கிறவர்களிடம் பழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவள் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏங்க, என்ன விட்டுருங்க" என்றாள். எங்களில் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னாள். வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா பேட்டரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தகப்பனே பயந்துவிட்டார். மகள் "யப்பா" என்று கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை.

சங்கரபாண்டியை நான் பார்த்தேன். அந்த மனிதர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, பயமும் இல்லை. வெற்றிலையை ஒதுக்கித் துப்பினார். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"இறங்குங்க மதினி. பின்வாசல் வழியா உள்ள போயிருங்க. வண்டி வயலுக்குக் கெளம்புது, தாலியறுத்தவுக எதுக்க நிக்கப்பிடாது பாத்துக்கிடுங்க" என்று மரியாதையாகச் சொல்லி, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறவரைக்கும் பொறுத்திருந்து, குனிந்து பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.