சிவப்புக் கோடு தெரியட்டும்

மிதவைத் துறைக் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், வேலை ஆட்களை அக்கரைக்கு அனுப்புவது என்று நினைப்பீர்கள். மழைக்காலத்தில் அனுப்பாமல் இருப்பதுதான் அவன் வேலை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து 'முடியாது' என்று சொல்லியே வயிறு வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் கோத்தா திங்கிக்குச் சற்று மேலே ஆறு குறுகி வளையும் இடத்தில் எனக்கு வேலை. இரண்டு தோணிகளின் மேல் பலகை அடித்த மிதவை. கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். இரண்டு கரையிலும் ஒவ்வொரு கம்பம், அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டை மூடினால் மிதவை ஓடக் கூடாது என்பது துரை உத்தரவு. கார்த்திகையில் பிடிக்கும் மழை தை வரை விடாது. அதனால் வருஷத்தில் மூன்று மாதம் எனக்கு ஒரே பேச்சுதான்: "கோடு தெரியட்டும்."

ஆடு தின்ற அறிவிப்பு

அக்கரை ரப்பர் தோட்டத்துக் கங்காணி மாரிமுத்து ஒரு நாள் கறுப்புக் கிடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் தோட்டத்து முனியாண்டிக்குப் படையல். கோடோ முழங்கால் ஆழத்தில் கிடந்தது. கெஞ்சினார், அதட்டினார், சாமி கண்ணைக் குத்தும் என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த 'மிதவை ஓடாது' என்ற காகிதத்தைக் காட்டிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் வெளியே சத்தமே இல்லை. சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தேன். கிடா நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. சுவரில் பசை மட்டும்தான் மிச்சம். கங்காணி முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"அறிவிப்பத்தான் ஆடு தின்னுருச்சே கிராணியாரே, இப்பப் போலாமுல்ல?"

ஏறிய கோடு

வடம் இழுப்பவர்களுக்குத் தலைவன் வீரப்பன். யார் முகம் வாடினாலும் பொறுக்காத மனுஷன். ஒரு மழை நாளில் ஜனங்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கம்பத்தில் கோடு பளிச்சென்று தெரிகிறது. ஆனால் துறையின் படிகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கின்றன!

கிட்டே போய்ப் பார்த்தேன். சாயம் இன்னும் ஈரமாக இருந்தது. பழைய கோட்டுக்கு இரண்டு அடி மேலே புதுக் கோடு. என் மேல் இரக்கப்பட்டு வீரப்பன் போட்டது. என்னப்பா இது என்று கத்திக்கொண்டே அதைத் துடைத்து அழித்தேன். அவனுக்குத் தப்பே விளங்கவில்லை.

"தண்ணி ஏறுனா நாமளும் கொஞ்சம் ஏத்திக்க வேண்டியதுதானுங்களே ஐயா?"

தவுக்கேயின் கீரை

வாரா வாரம் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அக்கரைக்குக் கீரைக்கூடைகள் கொண்டுபோவார். ஒரு முறை இரண்டு நாள் மாட்டிக்கொண்டார். கீரை அழுகினால் என்னைச் சும்மா விடமாட்டார் என்று ஜன்னலைப் பாதி சாத்தியே வைத்திருந்தேன். துறையில் அவரைப் போல இன்னும் நாற்பது பேர் பசியோடு காத்துக் கிடந்தார்கள். மனுஷர் ஒரு சட்டியைக் கடன் வாங்கி, அடுப்பு மூட்டி, கீரையை வதக்கி விற்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் ஜன்னலைத் தட்டி எனக்கும் ஒரு இலை நீட்டினார்.

"கிராணி, நாளைக்கும் மூடு லா!"

வெற்றிலைத் தட்டு

மழை விட்டு, கோடு தெரிந்து, ஒரு மாதம் போனது. கங்காணி மாரிமுத்து வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். தன் மகள் அஞ்சலையை எனக்குக் கொடுக்க ஆசையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சலை பால்வாளியோடு மிதவையில் போகும்போது நான் தினமும் கணக்குத் தப்பிக்கொண்டிருந்தவன். இருந்தாலும், அந்தக் கிடா சமாசாரத்தில் கோபம் இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"சாமிக்கே பயப்படாம நின்னீங்க தம்பி, அப்படி ஒரு ஆளுதான் எம் மவ வாய்க்குத் தாங்குவான்."

மாப்பிள்ளை

அடுத்த தையில் கல்யாணம், அக்கரைத் தோட்டத்துக் கோயிலில். துரை எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார், பதில் ஆள் கொடுக்கவில்லை. அதனால் காலை முதல் மிதவையை நானே திறந்து, அதிலேயே மாப்பிள்ளையாகப் போவதென்று ஏற்பாடு. இரவெல்லாம் கொட்டியது. விடிந்து பார்த்தால், கோட்டுக்கு மேலே நாலு விரற்கடைத் தண்ணீர்.

நான் திருப்பி அனுப்பியவர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கத் துறையில் கூடிவிட்டார்கள். "நாலு விரக்கடைதான் மாப்ளே, வாங்க!" என்று அக்கரையிலிருந்து கங்காணி கூவினார். அவருக்குப் பின்னால், முகூர்த்தம் தவறினால் சகுனம் சரியில்லை, சம்பந்தமே வேண்டாம் என்று அஞ்சலையின் பெரியப்பா கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கம்பத்தின் பக்கத்தில் மஞ்சள் சேலையில் அஞ்சலை. போகத்தான் ஆசை. மிதவைப் பூட்டின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. என் பின்னால் மேளக்காரர்களையும் சேர்த்து முப்பது பேர், பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

"கோடு தெரியட்டும்" என்றேன். துறையே சிரித்தது. தவுக்கே மட்டும் தலையில் கை வைத்து, மலாயில் "அலமாக்!" என்று அங்கலாய்த்தார். அன்று முழுக்க ஆற்றில் பெரிதாக ஒரு கட்டை கூட மிதந்து வரவில்லை. வந்திருந்தால், நான் மறுத்தது சரிதான் என்று கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும். முகூர்த்தம் போனது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த என் காதில் வீரப்பன் குனிந்து கிசுகிசுத்தான்.

"ஐயா, அந்தச் சாய டின் இன்னும் இருக்குங்க."

மூன்று நாள்

அப்புறம் மூன்று நாள் மழையும் விடவில்லை, ஆறும் இறங்கவில்லை. பேரிரைச்சலில் அக்கரைக் குரல் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா ஜெயித்துவிட்டாரா, கல்யாணம் உண்டா இல்லையா, ஒன்றும் தெரியாது. அக்கரைக் கம்பத்துக்குத் தினமும் காலையில் யாரோ ஒரு பெண் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவது மட்டும் தெரிந்தது.

நாலாம் நாள் கோடு தெரிந்தது. முதல் மிதவையில் போனேன். கங்காணி கரையில் இல்லை, பெரியப்பாவும் இல்லை. கம்பத்தின் பக்கத்தில் அஞ்சலை மட்டும், கால் நிறையச் சேற்றோடு நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவள், விரலைக் கோட்டில் தடவி எனக்குக் காட்டினாள்.

"கோடு காஞ்சிருச்சுங்க, தொட்டுப் பாத்துட்டேன், பெரியப்பாவுக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன், நீங்க வாங்க."

அதற்கப்புறமும் பல வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் 'முடியாது' என்று சொன்னேன். வீட்டில் மட்டும் அந்த வார்த்தை அவளுடையது.