ஜீப்பின் ஸ்டீயரிங் பாகம் தேடி ஒத்தக்கடை வரை

பழைய ஜீப் வாங்கப் போகிறோம், மதுரைப் பக்கம் பாகங்கள் கிடைக்குமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிடைக்கும். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது என்ன பாகம் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் 1984இல் ஒரு சனிக்கிழமை முழுக்க நாயாய் அலைந்தவன் நான்.

மறுநாள் விடியற்காலை மனைவி, இரண்டு மகள்களுடன் கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. மலைப்பாதையாயிற்றே, ஒரு தடவை காட்டிவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு அவனியாபுரத்தில் காதர் பாயின் பட்டறைக்கு என் பழைய ஜீப்பைக் கொண்டுபோனேன். பாய் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். பிறகு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முகமே மாறிவிட்டது.

"சார், டைராடு எண்டு அம்புட்டும் தேஞ்சுபோச்சு. இதோட மலைக்குப் போனா நான் பொறுப்பில்ல."

முன்சக்கரங்களைத் திருப்புகிற கம்பியின் நுனியில் இருக்கும் பந்து மூட்டைத்தான் சொன்னார். அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, "சாம்பிளக் காட்டி இதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க" என்றார்.

டவுன் பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர், பெரியார் நிலையம். வெளி வீதிகளில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் கெத்தாக "ஜீப்புக்கு" என்றேன். அவர்களும் ஜீப் பாகத்தையே எடுத்து வைத்தார்கள். ஒன்றில் நட்டு ஏறும் திருகுமரை ரொம்பப் பொடிசு, இன்னொன்றில் கழுத்து குட்டை. "வண்டியில யாரோ கைவச்சிருக்காங்க சார்" என்று கடைசிக் கடைக்காரரும் கைவிரித்தார். மணி ஒன்றரை. கொடைக்கானல் அவ்வளவுதான் என்று அவனியாபுரத்துக்கே பஸ் ஏறினேன்.

பக்கத்து இருக்கைக்காரர், காலடியில் உரச் சாக்கு வைத்திருந்தவர், என் மடியில் இருந்ததையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"டிராக்டரு மக்கராண்ணே?"

"இல்லைங்க, ஜீப்பு."

"அட, வெளையாடாதீங்கண்ணே. போன மாசந்தான் என் டிராக்டருல இத மாத்துனேன். ஒத்தக்கடையில டிராக்டரு சாமான் கடை இருக்கு, அங்க கேளுங்க."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜீப்பை எனக்கு விற்றவர் அலங்காநல்லூர் விவசாயி. டிராக்டர் பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவர் எதற்கு ஜீப் பாகத்துக்கு அலையப் போகிறார்? அதையே மாட்டி, அதற்கேற்றபடி கம்பியையும் மாற்றியிருக்கிறார்!

அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து இறங்கி, பஸ் மாறி ஒத்தக்கடை போனேன். டிராக்டர் கடைக்காரர் என் பழைய நட்டைப் புதிய பாகத்தில் வைத்துத் திருகினார், வழுக்கிக்கொண்டு ஏறியது. ஜோடி தொண்ணூறு ரூபாய். அந்தச் சந்தோஷத்தில் நான் நிற்கும்போதே, பழையதின் பந்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். கழன்று கையோடு வந்துவிட்டது.

"இத மாட்டிக்கிட்டாண்ணே ஓட்டுனீங்க?"

பணத்தைக் கொடுத்துவிட்டு அவனியாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாலை ஆறு மணிக்குள் பாய் பொருத்திக் கொடுத்தார். மறுநாள் நூற்றிருபது கிலோமீட்டர், நாலரை மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மேலே போய் இறங்கியதும் அப்பாடா என்று புல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

கைமாறிய வண்டிக்குப் பாகம் வாங்கப் போனால் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், பழைய பாகத்தைக் காட்டுங்கள். விற்றவர் என்ன தொழில் செய்தார் என்றும் கேட்டு வையுங்கள். ஸ்டீயரிங் லேசாக ஆடினால், பழைய வண்டி அப்படித்தான் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். நான் இரண்டு மாதம் தேற்றிக்கொண்டேன். அந்த இரண்டு மாதமும் என் மகள்களை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன்.